ராஜாவின் மேல் விழுந்த ஆசு

சாரங்கபாணிக்குச் சீட்டு என்றாலே வெறுத்துவிட்டது. பகலெல்லாம் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா வேலை. சங்கு ஊதியதும் ரயில்வே கிளப்பில் ஹெட்கிளார்க் பத்மநாபனுக்கு பிரிட்ஜ் கூட்டாளி. ஒரு வருஷமாக இந்த இரண்டாம் உத்தியோகம். சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

கும்பகோணத்தில் மனைவி மங்களத்துக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம். அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. 'குழந்தை குப்புறித்துக்கொண்டான். அடுத்து தவழ்வான். நீங்கள் வருவதற்குள் பள்ளிக்கூடம் போய்விடுவானோ?' என்று எழுதியிருந்தாள். லீவு விண்ணப்பம் ஹெட்கிளார்க் சட்டைப் பையில் மூன்று வாரமாகக் கிடந்தது.

"கிளப் கோப்பை வரட்டுங்காணும். அன்னிக்கே கையெழுத்து" என்றிருந்தார் அவர்.

இன்று கடைசி ஆட்டம். எதிரணியில் எஞ்சின் டிரைவர் ஜேம்ஸ், ஸ்பேடைத் துருப்பாக்கி நான்கு கேட்டிருந்தார். இந்த ஒரு கையில் அவரைக் கவிழ்த்தால் கோப்பை.

பத்மநாபன் ஹார்ட் சீட்டான ஆட்டினில் ராஜாவை இறக்கினார். ஜேம்ஸின் ஜோடி, ஆடாத டம்மியாக, சீட்டைப் பரப்பியது. அதில் ஆட்டின் ஒன்றே ஒன்று, துருப்பு பொடியாக மூன்று. சாரங்கபாணிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஜேம்ஸ் தன் கை ஆட்டின்களை அந்தப் பொடித் துருப்புகளால் வெட்டியே கரையேறிவிடுவார். அவற்றை இப்போதே துருப்பு இறக்கி உருவ வேண்டும்.

யார் உருவுவது? "துருப்பு எதிராளி சொத்து, நாம தொடப்படாது" என்பது பத்மநாபன் போட்ட சட்டம். ராஜா ஜெயித்தால் அடுத்து ராணியைத்தான் இறக்குவார். அவரிடமிருந்து ஆட்டத்தைப் பிடுங்க ஒரே வழிதான் இருந்தது. மேலதிகாரியின் ராஜாவைத் தன் ஆசால் அடிக்க வேண்டும். கிளப்பில் எந்தக் குமாஸ்தாவும் செய்யாத காரியம்.

சாரங்கபாணி பிள்ளையை நினைத்துக்கொண்டு ஆசைப் போட்டான்.

"ஓய்! என் ராஜாவையே அடிக்கிறீரா?" பத்மநாபன் காது சிவந்தது.

சாரங்கபாணி துருப்பை இறக்கினான். ஜேம்ஸின் சிரிப்பு நின்றது. டம்மியில் ஒரு துருப்பு போய் இரண்டுதான் மிச்சம். கையிலோ மூன்று ஆட்டின். இரண்டை வெட்டினார், மூன்றாவது அம்போவென்று நின்றது. ஒரு பிடி குறைந்து தோற்றார்.

பத்மநாபன் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். ஹெட்கிளார்க் குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டதை அந்தக் கிளப் அன்றுதான் பார்த்தது.

"சார், லீவு..."

"லீவா? அடுத்த மாசம் பெஜவாடாவில் பெரிய பந்தயம் இருக்கே! இத்தனை நாள் உம்மை மண்ணுன்னு நினைச்சுண்டிருந்தேன், அனுப்பலாம்னும் இருந்தேன். இனிமே உம்மை அனுப்பிட்டு நான் யாரை வெச்சுண்டு ஆடறது?" விண்ணப்பத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமலே ஆசையாக அவன் கையிலேயே திணித்துவிட்டுக் கோப்பையைப் பார்க்கப் போனார்.

ஜேம்ஸ் சீட்டை அடுக்கிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார். "கைக்குப்பா, எதுக்கு அந்தத் துருப்பு? ராஜாவை விட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன், அவர் உன்னைத் திட்டித் தொரத்தியிருப்பாரு. நீயும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பே."

சாரங்கபாணிக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"நாளைக்கும் ஆறு மணிதானே சார்?" என்று கோப்பையருகில் நின்ற பத்மநாபனைக் கேட்டான்.