மேட்டில் நிற்காத கார்

அண்ணி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "மேட்டுல அது நின்னுச்சுன்னா நானே முதல்ல ஏறுறேன். நிக்கலேன்னா இன்னைக்கே பழைய இரும்புக்கடைக்குப் போயிடணும்!" என்று சொல்லிவிட்டாள். பாட்டன் காலத்துக் கார் அது. பழசாக வாங்கிய நாளிலிருந்து பட்டறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

பட்டறையின் மெக்கானிக் அவளுடைய நாத்தனார்தான். அந்தக் காரென்றால் அவளுக்கு உயிர். முதலில் இறக்கத்தில் ஓட்டிக் காட்டினாள். பிரேக்கை மிதித்ததும் ஆணி அடித்தாற்போல் நின்றது. திருப்பிக்கொண்டு மேட்டில் ஏறி நடுவழியில் மிதித்தாள். அடப்பாவி! கார் பின்னோக்கி உருண்டு வந்து, பட்டறை வாசலில் இருந்த காலி டின்களை எல்லாம் தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தது. லாரியோடு காத்திருந்த இரும்புக்கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"முன்னால போனா புலி, பின்னால வந்தா பூனையா?" என்றான் அவளுடைய அண்ணன்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. உடனே காருக்கடியில் புகுந்தாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்மைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை. ஒரு முனை வண்டியின் சட்டத்தில் கட்டியிருக்கும், மறுமுனையைப் பிரேக் மிதி இழுக்கும். முன்னால் சுழலும்போது டிரம்மே பட்டையைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். பின்னால் சுழன்றாலோ தள்ளித் தளர்த்திவிடும்.

"மண்டு! இது கண்ணுல படலையே!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "அண்ணி, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க!"

"பொறுக்கிறேன். அதுவரைக்கும் லாரிக்காரருக்கு டீ வாங்கிக் குடுக்கிறது உன் பொறுப்பு."

பட்டையின் நடுவைச் சட்டத்தோடு பிணைத்தாள். இரண்டு முனைகளையும் ஒரே நெம்புகோல் இழுக்கும்படி செய்தாள். இனி எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரு பாதி கவ்விக்கொள்ளும்.

மாலையில் மேட்டின் நடுவில் மிதித்தாள். கார் நின்றது. பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பெரிய கல்லோடு அண்ணன் குனிந்திருந்தான். அண்ணி சொன்ன சொல் தவறாமல் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, பிறகு ஒன்றை மட்டும் திறந்து பார்த்தாள்.

"நிக்குதுடி!" என்று கத்தினாள். "ஏங்க, இன்னும் எதுக்குக் கல்லு? எனக்கே பயமில்ல, உங்களுக்கென்ன? ஏறுங்க!"

அவன் ஏறினான், கல்லை மடியில் வைத்துக்கொண்டு.

இரும்புக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "அப்போ விலை பேசலாமா?"

"விலையா? வாயைக் கழுவுங்க!" என்றாள் அண்ணி. புருஷன் மடியிலிருந்த கல்லைப் பிடுங்கி வேலியோரம் வீசினாள். "நீ ஓட்டுடி!"