அத்தான் தொட்ட போர்டு

அத்தானின் மணிக்கட்டில் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. உடம்பில் சேரும் மின்சாரம் ரோபோவின் சிப்புகளைத் தாக்காமல் தரைக்குப் போகத்தான் அந்தப் பட்டை. அதன் ஒயர் நுனியிலுள்ள கிளிப்பை எர்த் கம்பியில் மாட்ட வேண்டும். அவரோ கிளிப்பைப் பைக்குள் செருகிக்கொண்டு, புதுக் கைக்கடிகாரம் கட்டிய மாதிரி போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். உடம்பில், உரசினாலே மின்சாரம் சேர்க்கும் நைலான் ஜாக்கெட் வேறு. வேண்டாம், வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ரோபோ பந்தாட்டப் போட்டிக்கு அணித் தலைவராம், எடுப்பாக இருக்க வேண்டுமாம்!

கையில் எங்கள் ரோபோவின் கன்ட்ரோல் போர்டு. வயரிங் பார்க்கிற நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், போட்டோவுக்காகப் பெட்டியைத் திறந்து பிடுங்கியிருக்கிறார். சிப்புகள் மேலேயே கட்டைவிரல். அந்த விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. சீ!

"அத்தான், கிளிப் எங்க?"

"பையில இருக்கு. அதான் பட்டை போட்டிருக்கேன்ல?"

கார்ப்பெட்டில் காலைத் தேய்த்துத் தேய்த்து வந்து போர்டை நீட்டினார். வாங்கப்போன என் விரலில் சுள்ளென்று அடித்தது. அதற்கும் ஈ என்று இளித்தார்.

மாட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, சக்கரம் சுற்றியது.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல. சும்மா பூச்சாண்டி காட்டாத."

இந்த அடி எல்லா நேரமும் உடனே கொல்லாது. சிப்புக்குள் காயத்தை வைத்துவிட்டு, சூடேறும்போது காலை வாரும். புதுப் போர்டு ஒன்று வெள்ளிநிறப் பைக்குள் பத்திரமாக இருந்தது. மாற்ற இருபது நிமிஷம் போதும், ஆட்டத்துக்கு அரை மணி இருந்தது. ஆனால் மாற்றினால் இந்த மனிதரின் ஏச்சை யார் கேட்பது? எக்கேடோ கெடட்டும் என்று மூடியைத் திருகினேன்.

ரோபோவை ஓட்டுவது அக்கா. ஒரு வருஷமாகத் தினமும் வேலை முடிந்து வந்து, கூடத்துத் தரையில் டேப் ஒட்டிக் களம் போட்டுப் பழகியவள். தேசிய அணிக்கு ஆள் எடுக்க ஓர் அம்மாள் வந்திருந்தார். அவர் அக்காவைப் பார்க்கப்போவது இந்த ஒரே ஆட்டத்தில்தான்.

நாற்பதாவது விநாடி. அக்கா பந்தைக் கவ்வி, எதிராளியை ஏமாற்றி வளைந்தாள். பார்த்தவர்கள் எழுந்தே விட்டார்கள். ரோபோ நின்றது. விளக்குகூட இல்லை.

"ரிமோட்டப் பிடிக்கத் தெரியாதவள வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" என்று அத்தான் ஊருக்கே கேட்கக் கத்தினார். கட்டிய பெண்டாட்டியை நாலு பேர் முன்னால்! தூ! அக்கா ரிமோட்டின் பட்டன்களை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

நான் அந்த அம்மாளிடம் ஓடினேன். "மேடம், அக்கா மேல தப்பே இல்ல. போர்டு அடிபட்டிருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மாட்டினேன்."

"இருக்கலாம்மா. ஓட்டுறதப் பாக்கத்தான் வந்தேன். நாப்பது செகண்டுல நான் என்னத்த எழுதுறது?" தாளை மடித்துக்கொண்டு அடுத்த களத்துக்குப் போய்விட்டார்.

திரும்பினால், ரிமோட்டைப் பிடித்தபடி பின்னாலேயே அக்கா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அவருக்கு ஒரு எழவும் தெரியாது, விடு," என்றாள். "உனக்குத் தெரியுமேடி."

அத்தானைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை.