இன்னொரு ஆரஞ்சு

மரம் அறுக்கிற மிஷினுக்கு கம்பெனிக்காரன் என்ன பெயர் வைத்தாலும் சரி, தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அது செல்லாது. இங்கே கலர்தான் பெயர். "இன்னா மிஷின் வெச்சிகினு கீற?" என்று கேட்டால் "சேப்பு" என்பார்கள், இல்லாவிட்டால் "ஆரஞ்சு" என்பார்கள். எந்த கம்பெனி, எந்த மாடல், எத்தனை சிசி எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். வெளியாளுக்குப் புரியாது. தொழிலில் இருக்கிறவனின் பெண்டாட்டிக்கும் பாதிதான் புரியும் என்பதுதான் இந்தக் கதையின் கேடு.

கெசியாவின் புருஷன் எபி ஆரஞ்சு ஆள். மரம் வெட்டப் போன காலத்திலிருந்து வேறு கலரைத் தொட்டதில்லை. அந்த மிஷின், அந்த வருஷம் அடித்த புயலுக்கு அப்புறம் ஓய்வே இல்லாமல் ஓடி, ஒரு காலையில் இன்ஜின் ஜாம் ஆகி உட்கார்ந்துவிட்டது. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, போன் அடித்தபடி இருக்கிறது, கையில் மிஷின் இல்லை. எபி ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டுக் கூரை மேல் சாய்ந்த மரத்தில் கைரம்பத்தோடு ஏறியிருந்தான். அங்கிருந்தே போன் போட்டான்.

"கெசி, நீ ரவி கடைக்குப் போயி ஒரு மிஷின் வாங்கிகினு போயி ராஜகீழ்ப்பாக்கத்துல டேனிகிட்ட குட்த்துடு. ஆரஞ்சு. நல்லா கேட்டுக்க, ஆரஞ்சு. அந்தாளு பேசிப் பேசியே சேப்பைத் தலையில கட்டிடுவான், அதுல அவனுக்குக் கமிஷன் கீது. ஏமாந்துடாத."

டேனி என்கிற டேனியல் கெசியாவின் ஒரே தம்பி. வேலை பார்த்த பாக்டரியில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தவன், வேறு வழியில்லாமல் மச்சானோடு சேர்ந்துகொண்டான். அக்கா தம்பி இருவரின் அம்மா ஹில்டாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், புருஷனும் இல்லை, மகன்தான் உலகம். எபியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அவனை மரத்து மேல ஏத்தாதப்பா. அவன் கையில நல்ல மிஷினா குடு. எனக்கு அது போதும்." எபி அந்த வாக்கைக் காப்பாற்றினான். டேனி ஒரு நாளும் மரம் ஏறவில்லை. விழுந்த மரத்தைத் தரையில் நின்று துண்டு போடுவதுதான் அவன் வேலை.

கெசியா மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ரவி இருக்கிறாரே, அவரிடம் ஒரு மிஷினைக் கேட்டால் கடையில் இருக்கிற எல்லா மிஷினின் ஜாதகத்தையும் வாசிப்பார். அன்றைக்கும் வாசித்தார். "எந்த கம்பெனியா இருந்தாலும் மூணு வரிசை கீதுக்கா. வூட்டு வரிசை, தோட்ட வரிசை, தொழில் வரிசை. மேலாப்ல பாத்தா மூணும் ஒண்ணாதான் தெரியும். உள்ள வேற. வூட்டு மிஷின் அரை மணி நேரம் ஓடினா மூச்சு வாங்கும். தொழில் மிஷின் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னு பேசும்." சொல்லிக்கொண்டே ஒரு சிவப்பு மிஷினைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். "இது தொழில் வரிசை. எபிக்கு இதைக் குடுங்க."

வந்துவிட்டதா சேப்பு! கெசியாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. "ஆரஞ்சு இல்லையாண்ணா?"

"எபி ஓட்டுற ஆரஞ்சு புயலுக்கு அப்புறம் ஸ்டாக்கே இல்ல. அடுத்த வாரம் வரும்."

"அதோ மாட்டியிருக்கே?"

ரவி திரும்பிப் பார்த்தார். சுவரில் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "அது வேற ஆரஞ்சுக்கா. கம்பெனியே வேற, பெயிண்ட் மட்டும்தான் அது மாதிரி. முருங்கைக் கிளை வெட்டிக்கலாம். பெரிய மரத்துக்கு வேணாம். இதோ பாருங்க, சேப்புல முன்னாடி இந்த கார்டு கீதே, இதைத் தள்ளினா..."

"அண்ணா, எங்க வூட்டுக்காரர் ஆரஞ்சுன்னுதான் சொன்னார். ஆரஞ்சே குடுத்துடுங்க."

"அவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

போட்டாள். ரிங் போனது, எடுக்கவில்லை. மரத்து மேல் ரெண்டு கையாலும் அறுத்துக்கொண்டிருக்கிறவன் எப்படி எடுப்பான்? ரவி மறுபடியும் சிவப்பைத் தடவிக் கொடுத்தார். அவர் தடவத் தடவ கெசியாவுக்குப் பிடிவாதம் ஏறியது. இந்தாள் விடுகிறானா பார், எபி சொன்னது அப்படியே நடக்கிறதே என்று நினைத்தாள். ஏமாறக் கூடாது என்கிற நினைப்பு ஒருத்தர் தலையில் ஏறிவிட்டால் போதும், நிஜம் சொல்கிறவன்கூடத் திருடனாகத்தான் தெரிவான். பாவி மகள், ஒரு நிமிஷம் அந்த மனுஷனைப் பேச விட்டிருக்கலாம். விடவில்லை. ஆரஞ்சை வாங்கிக்கொண்டு, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு வண்டியில் கட்டினாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் சந்திரிகா என்கிற அம்மாவின் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் கிடந்தது. டேனி மரத்தின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மிஷினைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"அட, ஆரஞ்சு! புத்தம் புச்சு! மச்சான் என்னை மதிச்சுட்டாருக்கா."

எபி பார்த்திருந்தால் நொடியில் கண்டுபிடித்திருப்பான். டேனி தொழிலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்கும் கலர்தான் தெரியும்.

அந்த கார்டைப் பற்றி ரவி சொல்ல வந்தது இதுதான். வெட்டும்போது மிஷினின் மூக்கு, அதாவது செயின் சுற்றுகிற பட்டையின் நுனி, எதிலாவது முட்டினால் அது எகிறி ஆளின் முகத்துக்கு வரும். நல்ல மிஷினில் கைக்கு முன்னால் தடுப்பாக நிற்கிற கார்டுதான் பிரேக். எகிறுகிற வேகத்தில் மணிக்கட்டு அதில் பட்டதும் செயின் டக்கென்று நின்றுவிடும். பழைய ஆரஞ்சு டேனியை அப்படிக் காப்பாற்றியிருக்கிறது. அவனும் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொல்லியிருக்கிறான், "அது கடிக்க வரும்க்கா, வந்து தானா நின்னுடும்" என்று. அந்தத் தைரியத்தில்தான் அவன் மிஷினுக்கு முகத்தைக் கொடுத்து வெட்டப் பழகினான். இந்த ஆரஞ்சிலும் கார்டு இருந்தது. பின்னால் ஒன்றுமில்லை, வெறும் பிளாஸ்டிக்.

"ஓட்டிக் காட்டுடா, பாத்துட்டுப் போறேன்" என்றாள் கெசியா.

அவள்தான் சொன்னாள். தன் வாயால் சொன்னாள்.

முதல் கிளை வந்தது. இரண்டாவதும் வந்தது. டேனி திரும்பி அக்காவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அடிமரத்துக்குள் மிஷினை இறக்கினபோது, இலைக்குள் மறைந்திருந்த ஏதோ ஒரு கிளையில் மூக்கு முட்டியது. எகிறியது. நிற்கவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது.

சந்திரிகா அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடியது. கெசியா துப்பட்டாவைப் பந்தாகச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர், தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்ட்ரெச்சரை மெதுவாகத்தான் தள்ளினார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எபி வந்தான். வரும் வழியிலேயே அந்த வீட்டில் இறங்கி மிஷினைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். கெசியாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மார்ச்சுவரி வாசலில் போலீஸ்காரர் விசாரித்தபோது ஹில்டா சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மிஷின் யார் வாங்கினது?"

கெசியா வாயைத் திறந்தாள். அதற்குள் எபி, "நான்தான் சார். வெல கம்மியா கீதேன்னு வாங்கிட்டேன்" என்றான்.

"நீயா?" என்றாள் ஹில்டா.

"ஆமா அத்த. நான்தான்."

ஹில்டா அவன் முகத்தில் காறித் துப்பினாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு கெசியா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டபோது ஒரே ஒரு முறை பதில் சொன்னான். "எனக்கு மாமியார் போனா போவுது. உனக்கு அம்மா வோணும்."

அடக்கத்தன்று எபி ஒரு பிடி மண் போடக் கூடாது என்று ஹில்டா சொல்லிவிட்டாள். கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டே போனார்கள். சர்ச்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லை. காசுக்கு ஆசைப்பட்டு மச்சினனைக் கொன்றவன் என்று பெயர் எடுத்தாயிற்று. கெசியா அத்தனையும் கேட்டாள், அத்தனைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளைக் கோழை என்று சொல்லலாம்தான். அம்மாவை இழக்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் மட்டும் மாடம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போவாள். ஹில்டா அவளுக்குத் தலைக்கு எண்ணெய் தடவிவிடுவாள், மீன் முள் எடுத்துக் கொடுப்பாள், மகனுக்குச் செய்ததையெல்லாம் மகளுக்குச் செய்வாள். கூடவே சொல்லுவாள்: "அந்தக் கொலைகாரனை விட்டுட்டு வந்துடுடி. எனக்கு இனிமே நீதான்." கெசியா சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள். வீட்டுக்குப் போனால் எபி மிஷின் பக்கமே போகாமல், யாரோ வெட்டின மரத்தைக் கூலிக்கு லாரியில் ஏற்றிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். இந்தப் பக்கமும் நரகம், அந்தப் பக்கமும் நரகம்.

ஈஸ்டருக்கு முந்தின ஒரு ஞாயிறு. சோறு பரிமாறிவிட்டு ஹில்டா கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபம் சொன்னாள். அந்த வீட்டில் அம்மா ஜெபம் சொல்லுவாள், பிள்ளைகள் ஆமென் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை சோற்றில் படலாம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"எங்கள் பரம பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். என் மகளை எனக்கு மிச்சம் வைத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். என் பிள்ளையின் சாவுக்குக் காரணமான கை எதுவோ அந்தக் கையைச் சூம்பிப்போகப் பண்ணும். அந்தக் கை இனி ஒரு வாய் சோறு அள்ளாதிருப்பதாக. இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே."

கெசியாவின் வலது கை தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஆமென் சொல்லுடி" என்றாள் ஹில்டா, கண்ணைத் திறக்காமல்.

கெசியாவால் முடியவில்லை.

"சொல்லு. சோறு ஆறுது."

"அம்மா, அந்த மிஷினை வாங்கினது அவர் இல்ல. நான். கடைக்காரர் வேணாம் வேணாம்னு சொன்னார். நான் கேக்கல. நான்தாம்மா வாங்கிட்டுப் போய் அவன் கையில குடுத்தேன். ஓட்டிக் காட்டுன்னு நான்தான் சொன்னேன்."

ஹில்டா கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள், மகளின் கையைப் பார்த்தாள். அடிப்பாள் என்று கெசியா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை.

"ஏண்டி சொன்ன?" என்றாள் ஹில்டா. "ஒரு பிள்ளையாவது மிச்சம் இருக்குன்னு இருந்தேனேடி."