ஏதாவது ஒரு குறை

வந்து இறங்கிய சீட் உறைகளில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பரிசோதகரின் தலைவலியே அதுதான்.

பஸ் பாடி கட்டும் அந்தக் கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் சரக்கையெல்லாம் பார்த்து, நல்லது கெட்டது எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. சரக்கு கொண்டுவருகிறவர்கள் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். பணம் கொடுக்க வேண்டிய கணக்கு மேலாளருக்கு வைத்த பெயர் 'நாளைக்கு'. எப்போது போய்க் கேட்டாலும் அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வரும்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. சிறு தொழில்காரரிடம் வாங்கிய சரக்கை ஏற்றுக்கொண்டால் கெடுவுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டியோடு கொடுக்க வேண்டும். ஆனால் சரக்கு வந்த சில நாட்களுக்குள் எழுத்தில் குறை சொல்லிவிட்டால், அது தீரும்வரை கெடு ஓடாது. கெட்ட சரக்கை யாரும் யார் தலையிலும் கட்டிவிடக் கூடாதே என்று நல்ல எண்ணத்தில் விட்ட வழி. அந்தச் சந்தில்தான் 'நாளைக்கு' லாரியே ஓட்டினார்.

அன்றும் போனில் கூப்பிட்டார். “உறையெல்லாம் வந்துடுச்சாமே. ஏதாவது ஒரு குறை எழுதிடுங்க.”

“எல்லாம் நல்லா இருக்கு சார்.”

“நல்லா இருக்கறது எனக்கும் தெரியும். இந்த மாசம் கையில காசு இல்ல. எழுத்துல இருந்தா போதும்.”

பரிசோதகர் எழுதினார்: 'தையல் தள்ளித் தள்ளி விழுந்துள்ளது. நெருக்கித் தைத்துத் தரவும்.' அவர் அறையில் நாற்காலிக்குப் பதில் ஒரு பஸ் சீட்டைத்தான் போட்டிருந்தார்கள். அதன்மேல் இருந்ததும் அதே கை தைத்த உறை, ஆர்டருக்கு முன்னால் மாதிரிக்கு வந்தது. மாதக்கணக்கில் அதில் உட்கார்ந்து எழுந்தும் ஒரு நூல் பிரியவில்லை. அதில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினார்.

அப்போது அவருக்குப் பெரிய உறுத்தல் இருந்தது என்று சொன்னால் பொய். பழைய ஆட்களுக்கு இந்த நாடகம் அத்துப்படி. குறைச் சீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். சரக்கை ஏற்றிக்கொண்டு போய் ஷெட்டில் போட்டுவைத்து, பிறகு தூசி தட்டி அதையே திருப்பிக் கொண்டுவருவார்கள். 'குறை நீங்கியது' என்று இவரும் எழுதுவார். காசு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே என்று மனசைத் தேற்றிக்கொள்வார். அந்தத் தாமதத்தில் யார் வீட்டு வாடகை நின்றது, யார் நகை அடகுக்குப் போனது என்று அவர் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடி அந்தப் பக்கம் மட்டும் திரும்பாது.

உறைக்காரத் தம்பி இந்தக் கம்பெனிக்குப் புதுசு. வயது முப்பதைத் தாண்டியிருந்தாலும் எல்லாரும் தம்பி என்றே கூப்பிட்டார்கள். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, “மன்னிச்சுக்குங்க சார், சரி பண்ணிக் கொண்டாறேன்” என்றான். இதற்குப் போய் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. பரிசோதகர் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீ ஆறிக்கொண்டிருந்தது, சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் கட்டுகளோடு வந்து இறங்கினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பரிசோதகர் பேனாவைத் திறந்துகொண்டே எழுந்து போனார். பழக்கதோஷம், மேலே கிடந்த உறையை எடுத்துத் தையலை இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். சர்ரென்று போய்விட்டது. நூல் அறவில்லை. ஊசி குத்திய ஓட்டைகளின் வரிசையில், டிக்கெட் கிழிப்பதுபோல, ரெக்சினே கிழிந்திருந்தது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் அப்படியே.

ரெக்சினில் நெருக்கிக் குத்தினால் கிழியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியது.

“என்னப்பா இது?”

“நீங்க எழுதின மாதிரியே நெருக்கினேன் சார். ஊசி போன ஓட்டை மூடாதேன்னு பழையதெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு, புது ஷீட் வாங்கித் தச்சேன்.”

“நீயா தச்சே?”

“எப்பவும் எங்க அக்காதான் தைப்பா. இந்தத் தடவ அவள மெஷின்ல உக்கார விடல.” கிழிந்த உறையை அவன் மடித்துக்கொண்டே இருந்தான். “நெருக்கினா கிழியும்டான்னு ஒத்தக்கால்ல நின்னா. கம்பெனிக்காரர் தெரியாமயா எழுதியிருப்பாருன்னு கேட்டேன். அவரு எழுதினதே தப்புன்னு சொன்னா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. உன் கையாலதான் கெட்டது, இனி எதையும் தொடாதன்னு சொல்லிட்டேன். வாய் நீண்டு போச்சு சார். அன்னைக்கே துணிமணிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. போன் பண்ணா எடுக்கறதில்ல.”

பரிசோதகர் பேனாவைப் பார்த்தார். இப்போது குறை என்று எழுதினால் அது முழு உண்மை. யாரும் அவரை ஒரு கேள்வி கேட்க முடியாது, 'நாளைக்கு' முதுகில் தட்டிக்கொடுப்பார். அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“தம்பி, நீ முதல்ல கொண்டாந்தது நல்லாத்தான் இருந்துச்சு.”

“எது சார்?”

“அக்கா தச்சது. ஒரு குறையும் இல்ல. பணத்தத் தள்ளிப்போட எழுதச் சொன்னாங்க, எழுதினேன். எல்லாருக்கும் எழுதறதுதான். நீ நெசம்னு எடுத்துப்பேன்னு நெனைக்கல.”

கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன் கட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

“இத எழுதிக் குடுப்பீங்களா சார்? நான் வாயால சொன்னா அவ கேக்க மாட்டா. உங்க எழுத்தக் காட்டித்தான் அன்னைக்கு அவ வாய அடைச்சேன்.”

பேனா கையில்தான் இருந்தது. எழுதினால் முதல் சரக்கு வந்த அன்றே கெடு ஓடத் தொடங்கியதாகிவிடும். கம்பெனி வட்டி கட்ட வேண்டும். பழைய ஆட்களும் தங்கள் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு இந்த அறையில் அவருக்கு இடம் இருக்காது.

“நான் வேணா நேர்ல வந்து அக்காகிட்ட சொல்லட்டுமா?” கேட்கும்போதே தன் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை.

“குறை சொன்னப்ப நேர்ல வரலையே சார்.” அவன் குரலை உயர்த்தவே இல்லை.

எழுதினார். முதல் சரக்கில் எந்தக் குறையும் இல்லை, குறை என்று நான் எழுதியது தவறு. 'தவறு' என்பதை அடித்துவிட்டுப் 'பொய்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “இதக் காட்டினா பணம் வட்டியோட வந்தாகணும். விட்டுடாத.”

அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் உட்காரும் பஸ் சீட்டைப் பார்த்தான். “அந்த உறையக் குடுப்பீங்களா? அவ தச்சதுல பிரிக்காம மிஞ்சினது அது ஒண்ணுதான்.”

பரிசோதகர் மண்டிபோட்டு உறையைக் கழற்றினார். பாதியில் ஜிப் மாட்டிக்கொண்டது. அவனும் குனிந்து பிடித்துக்கொடுத்தான். உறையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி, “ரொம்ப நன்றி சார்” என்றான். மனசாரத்தான் சொன்னான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

போன் அடித்தது. வெறும் ஸ்பாஞ்சின்மேல் உட்கார்ந்து எடுத்தார். 'நாளைக்கு'தான்.

“உறை திரும்பி வந்துடுச்சாமே. ஏதாவது எழுதினீங்களா?”

“எழுதிட்டேன் சார்” என்றார்.