கேட்டைத் தாண்டாத குப்பை

குப்பையே போடாத தொழிற்சாலைக்குப் பூஜ்யம் மதிப்பெண் போட்டவனை என்ன சொல்லித் திட்டுவது? தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆஷ்டன் அதைத்தான் செய்தான், அதுவும் சிரித்த முகத்தோடு.

ஒஹாயோவில், சோளக்காட்டு நடுவில், பெயின்ட் ஊற்றி விற்கும் பிளாஸ்டிக் வாளிகளை வார்க்கிறோம். தளத்துக்கு நான்தான் மேற்பார்வை. கோணல்மாணலாக விழும் வாளிகளை வெர்ன் பொறுக்கி, அரவை மெஷினில் பொடியாக்கி, அன்றைக்கே திரும்ப வார்ப்புக்கு அனுப்பிவிடுவார். பதினோரு வருஷமாக ஒரு கைப்பிடி பிளாஸ்டிக் கூட வீணானதில்லை.

"மறுசுழற்சிக்கு மாசம் எவ்வளவு அனுப்பறீங்க, ரோண்டா?" என்றான் ஆஷ்டன்.

"ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நாங்களே அரைச்சு மறுபடி ஊத்திடறோம்."

"அப்ப ஜீரோ."

"ஏம்ப்பா, வெளியே போட ஒண்ணுமே இல்லைங்கறேன். அதுக்கு ஜீரோவா?"

"கேட்டைத் தாண்டிப் போய், எடை போட்டு, ரசீது வந்தாத்தான் கணக்கு. நம்ம இண்டியானா பிளான்ட் ஒன்பதாயிரம் பவுண்டு அனுப்புது. அவங்கதான் ஃபர்ஸ்ட்."

இண்டியானாக்காரர்கள் மூன்று வாளிக்கு ஒன்றைக் கெடுத்துப் போடுகிறவர்கள். அதற்குப் பரிசு! தலையில் அடித்துக்கொண்டேன். அதோடு விட்டானா? மாதம் நாலாயிரம் பவுண்டாவது வெளியே போகாவிட்டால் அரவை அறையை மூடிவிடுவார்களாம். அந்த அறையில் இருப்பது வெர்ன் ஒருவர்தான். அவர் மனைவி ஜோனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கம்பெனி இன்ஷூரன்சில். வேலை போனால் அதுவும் போச்சு.

வழியையும் ஆஷ்டனே சொன்னான். மூன்று மைல் தள்ளிப் பழைய சாமான் கிடங்கு இருக்கிறது. கெட்ட வாளிகளை லாரியில் அங்கே கொண்டுபோய், எடை போட்டு, ரசீது வாங்கி, அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அரைக்கலாம். விதிப்படி சரிதானாம்.

"ஏம்மா," என்றார் வெர்ன், "இங்கேர்ந்து எடுத்துட்டுப் போயி இங்கேயே கொட்டறதுக்கு டீசல் வேற எரிக்கணுமா?"

"எரிங்க. பேசாம எரிங்க."

"பூமியைக் காப்பாத்தறதுக்கா?"

"உங்க வேலையைக் காப்பாத்தறதுக்கு!"

ஓட்டினார். ஆனால் அந்த மனிதரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கெட்ட வாளி ஒன்று கையில் கிடைத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எங்கே பிசகு என்று கண்டுபிடிப்பார், நேரே போய் எந்திரத்தைச் சரிசெய்துவிட்டு வருவார். பிறகு கெட்ட வாளி எங்கிருந்து வரும்? செப்டம்பர் கடைசி வியாழன் வரை மூவாயிரத்து நூறு பவுண்டுதான் சேர்ந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் கெடு. ஒழுங்காக வேலை பார்த்ததற்காக வேலை போகிற கூத்தை எங்கேயாவது கேட்டதுண்டா? கொண்டுபோனதையே இன்னொரு நடை கொண்டுபோங்கள் என்றேன். அது பொய்க்கணக்கு என்று மறுத்துவிட்டார். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர்!

அன்று சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நாலாம் எந்திரம் கெட ஆரம்பித்தது. விளிம்பு பாதியில் நின்ற வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெட்ட சரக்கு என் வயிற்றில் பால் வார்த்தது. ராத்திரி ஷிஃப்டும் ஓடினால் கணக்கு நேராகிவிடும். ஓடிப்போய்ப் பார்த்தால் வெர்ன் ஸ்பேனரோடு ஏற்கெனவே அங்கே குனிந்திருக்கிறார்.

"தொடாதீங்க!"

"ஊத்துற குழாய்ல போல்ட் லூசும்மா. பிளாஸ்டிக் ஒழுகுது. ஒரே திருகுதான்."

"திருகாதீங்கன்னு சொல்றேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இப்படியே ஓடட்டும். ஜோனை நினைச்சுப் பாருங்க, வெர்ன்."

அவர் நிமிர்ந்தார். ஸ்பேனரை மேடைமேல் வைத்தார். இன்னொரு வாளி அரைகுறையாக விழுந்தது. அதை எடுத்து, பாதியில் நின்ற விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதை எப்படிம்மா பாத்துட்டு நிக்கறது?"

"கண்ணை மூடிட்டு நில்லுங்க!" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூடிக்கொண்டார். நிஜமாகவே முயற்சி செய்தார், பாவம். இன்னும் இரண்டு வாளிகள் விழுந்தன, இரண்டும் உருப்படாதவை. அப்புறம் மூடிய கண்ணோடு அவர் கை மேடையைத் துழாவியது.

"வெர்ன்! வேண்டாம்!"

ஸ்பேனர் அகப்பட்டது. போல்ட்டையும் தடவியே கண்டுபிடித்து, ஒரு திருகு திருகினார்.

அடுத்த வாளி விளிம்பு முழுசாக, குறையில்லாமல் விழுந்தது. அதை எடுத்து அவர் மண்டையிலேயே போடலாமா என்றிருந்தது எனக்கு. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.