அத்தைக்காக ஒரு உயரம்

“இறங்கிடட்டுமா மாப்பிள்ளை?”

வேகத்தடை இன்னும் தள்ளித்தான் இருந்தது. அதற்குள் மாமியாரின் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. அவன் காரை நிறுத்தினான். ஒரு காலை வெளியே ஊன்றி, மற்றதைக் கையால் தூக்கி வைத்து, அவர் இறங்கினார். கார் அவரில்லாமல் மேட்டில் ஏறி இறங்கியது. அடிப்பாகம் தரையில் உரசவில்லை. அந்தப் பக்கம் போய் அவன் காத்திருக்க, அவர் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். முட்டிவலி வைத்தியத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

“என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?” என்றார் பழக்கடைக்காரர்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. ஏத்தின மூட்டைதான் பெருசு.” தன்னையே காட்டிச் சிரித்தார் மாமியார். கடைக்காரரும் சிரித்தார். அவனுக்குக் காது சுட்டது.

முன்பு, அழகுக்காகக் காரின் உயரத்தைத் தாழ்த்தக் கொடுத்தபோது மெக்கானிக் தெளிவாகத்தான் கேட்டார். “தினமும் ஓட்டற வண்டியா சார்? யாரெல்லாம் ஏறுவாங்க? அவங்களையும் கூட்டிட்டு வாங்க. ஆளை உட்கார வெச்சுத்தான் ஸ்பிரிங்குக்கு உயரம் வைப்பேன். காலி வண்டிக்கு வெச்சா பார்க்க அழகா இருக்கும், அவ்வளவுதான்.” பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பையன்கள் அவன் காரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தயக் கார் மாதிரி நிற்கப்போகிற வண்டியில் மாமியாரை வைத்தியத்துக்குக் கூட்டிப்போவேன் என்று அவர்கள் எதிரில் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

“நான் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டான்.

நேற்றுச் சாப்பிடும்போது மனைவி சொன்னாள். “அம்மா ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டாங்க, தெரியுமா? கேட்டா, மாப்பிள்ளை வண்டி என்னைத் தாங்கலடீங்கறாங்க.”

பிசைந்த சோறு அவன் கையிலேயே இருந்தது. வண்டி தாங்கும், நான்தான் தாங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து கை கழுவினான்.

வைத்தியம் முடிந்து திரும்பும்போது அவன் காரைப் பட்டறைக்கு விட்டான். வழியில் இன்னும் ஒரு வேகத்தடை. இன்னும் ஒரு முறை இறங்கி ஏறினார்.

மெக்கானிக் குனிந்து சக்கரத்துக்கு மேலிருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல்கூட முழுதாக நுழையவில்லை. பின் சீட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

“நீங்க மட்டும்னு சொன்னீங்களே சார்?”

கண்ணாடி இறக்கியிருந்தது. மாமியாருக்குக் கேட்காமலிருக்க வழியில்லை. அவன் தரையில் சிந்தியிருந்த எண்ணெயைப் பார்த்தான்.

“அவருக்கு என்ன தெரியும் தம்பி, நான் அப்புறமாத்தான் வந்து தொத்திக்கிட்டேன்” என்றார் மாமியார். “நான் இறங்கிக்கட்டுமா?”

“ஐயோ, இறங்கிடாதீங்கம்மா. நீங்க உட்கார்ந்தாத்தான் எனக்கு வேலையே. சும்மா வீட்டுல இருக்கற மாதிரி இருங்க.”

மெக்கானிக் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் அருகே மண்டியிட்டார். மாமியார் அவசரமாக மடியிலிருந்த பையை ஜன்னல் வழியே நீட்டினார். “இதைக் கொஞ்சம் பிடிங்க மாப்பிள்ளை. இது வேற கனம்.”

அவன் வாங்கிக்கொண்டான். ஒரு துண்டு, பாதி காலியான தண்ணீர் பாட்டில். கனமே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே அவர் புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்போல நிமிர்ந்து, தோளைக் குறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூச்சை விடுங்கம்மா” என்றார் மெக்கானிக், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் விடவில்லை.