யார் அந்த மாதுளை

நினைவுக் கருத்தரங்கில் நாலரை மணிக்குத் தேநீருக்கு விட்டார்கள். மறைந்த எழுத்தாளர் ஏன் 'மாதுளை' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார் என்பதைக் காலையிலிருந்து போட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். புரட்சியின் நிறம் என்றார் ஒரு பேராசிரியர். பழைய காதலி என்றார் இன்னொருவர், எழுத்தாளரின் மனைவி முன்வரிசையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே. அவர் படித்த பள்ளிக்கூடத்து மரம் என்றார் மூன்றாமவர்.

 கடைசியாகப் பேசப்போவது அந்த மனைவிதான். நாற்பது வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள்.

மூத்தது பெண். அவர் வெளியூரில் இருந்தபோது பிறந்தது. செக்கச்செவேலென்று இருந்ததால் மாதுளை என்று அவளே பெயர் வைத்தாள். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. எடுத்துப் போட்டுச் செய்ததெல்லாம், இரங்கல் அட்டை அடித்தது வரை, அவள் தம்பி. அவர் திரும்பி வந்ததும் பெயரைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் "ம்" என்றார். அடுத்த மாதம் அவருடைய முதல் கதை அந்தப் பெயரில் வந்தது. அந்த ஒன்றுக்காக அவரிடம் எவ்வளவோ பொறுத்துக்கொண்டாள்.

அந்தக் கதையை அச்சடித்த அச்சகக்காரர், கோப்பையோடு பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தார்.

"இவங்க பண்ற கூத்தைப் பாத்தீங்களா அண்ணி? புரட்சியாம், காதலியாம்! என்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிச்சிருப்பேன்."

"நீங்கதான் சொல்லுங்களேன்."

"உத்தியோகத்துக்கு வேட்டு வந்துடும், என் பேரு வேணாம்னு கதையைக் கொடுத்துட்டு அண்ணன் போயிட்டாரு. தலைப்புக்குக் கீழ மொட்டையா நின்னுது. அதுக்கு முன்னாடி ஒரு பச்சப்புள்ளைக்கு இரங்கல் அட்டை அடிச்சோம். யாரோ தாய்மாமன் வந்து கொடுத்தது. அதுக்குக் கோத்த ஈய எழுத்தைப் பிரிக்காம அப்படியே கிடந்துது. எங்க ஆளு, நேரமாச்சுன்னு அதுல இருந்த புள்ளை பேரைத் தூக்கி வச்சுட்டான்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவரு பாத்தாரா?"

"பாக்காமயா? எனக்கு உதறல். இவரு என்னடான்னா சிரிக்கிறாரு. 'நல்லாத்தான்யா இருக்கு. யாரு இந்த மாதுளை?'ன்னாரு. தெரியலைண்ணேன்னேன். 'சரி, யாரோ. இருந்துட்டுப் போகட்டும்'னாரு."

தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மேடையில் பேராசிரியர் ஒலிபெருக்கியைத் தட்டினார். கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"அம்மா, மேல வாங்க. மூணுல எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க."